லட்டு காணாமல் போன மதியம்

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பெங்களூரு விவேக் நகரில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. வேலை விஷயமாகப் புனேவுக்குப் போன என் மகள், லட்டுவை என் பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள். தின்கிற லட்டு இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும் வளர்ப்புப் பல்லி. சிறுத்தைப் பல்லி என்பாள் மகள். நானோ துடைப்பமும் கையுமாகப் பல்லி விரட்டியே வளர்ந்தவள். தொட்டிக்குள் இடுக்கியால் புழுவைப் போட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துக்கொள்வேன். அதைத் தொட்டதே கிடையாது.

அன்று காலை என் கணவர், இயேசு பிறந்த இடத்தைப் பொம்மைகள் வைத்துக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலைக் கட்ட உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் குடில் எப்போதும் ஹாலின் ஒரே மூலையில், தரையில்தான். அங்கிருந்த லட்டுவின் கண்ணாடித் தொட்டியை அலமாரிப் பக்கம் நகர்த்தி வைத்தார். மணல் பரப்பி, காகித மலை செய்து, புல்வெளிக்கு முளைவிட்ட கேழ்வரகை அடுக்கி, மதியம்வரை அதே வேலை. சாப்பிட்டுவிட்டுப் புழு போடப் போனேன். தொட்டியின் கதவு இரண்டு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. லட்டுவைக் காணோம்.

நான்கு மணிக்குக் கட்டடம் முழுக்கக் கரப்பான் மருந்து அடிக்க ஆள் வருகிறார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் லட்டு பிழைக்காது. மகள் முகத்தில் எப்படி விழிப்பது? எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் கெஞ்சினேன்.

"மத்த வீட்ல அடிச்சா பூச்சியெல்லாம் உங்க வீட்டுக்குத்தாம்மா ஓடி வரும். சொல்ப சீக்கிரம் தேடுங்க, நானும் வரேன்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு ஒட்டடைக் கம்போடு மேலே வந்துவிட்டார்.

ஓனரம்மா சுவரில் மாட்டிய படங்களுக்குப் பின்னால் குத்திப் பார்த்தார். கணவர் ஸ்டூல் மேல் ஏறி டியூப்லைட்டை ஆராய்ந்தார். வீட்டுப் பல்லிகள்தான் திக்குக்கு ஒன்றாக ஓடின. அதில் ஒன்று சத்தம் கொடுக்கவும், ஓனரம்மா சுவரை விரலால் தட்டி, "பல்லி சொல்லிச்சு, கெடைச்சிரும்" என்றார். கணவர் தன் பங்குக்கு, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் புனித அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். மருந்து அடிப்பவர்கள் வாசலில் வந்து நின்றே விட்டார்கள்.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. பல்லி என்றதும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். இந்தப் பல்லிக்குச் சுவரே ஏறத் தெரியாதே. ஒட்டிக்கொள்கிற பாதம் அதற்குக் கிடையாது, தரையில்தான் நடக்கும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். தின்றது செரிக்க அடிவயிற்றுக்குச் சூடு வேண்டும் என்று தொட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பும் போட்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். அந்த விரிப்பின் வயர் சும்மா கிடந்தது.

"இதை யாரு புடுங்கினது?"

"குடிலுக்கு லைட் போட பிளக் வேணும்ல" என்றார் கணவர்.

சூடு போன இடத்துக்குத்தானே அதுவும் போகும். குடில் முன்னால் மண்டியிட்டேன். குகைக்குள் எரிந்த மஞ்சள் பல்புக்குப் பக்கத்தில், மாட்டுக்கும் இடையனுக்கும் நடுவே, வைக்கோலில் படுத்துக் கண்மூடித் தூங்கிக்கொண்டிருந்தது லட்டு. வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது, இதற்கு உண்டு. அதனால் அது நிம்மதியாகத் தூங்குவது எனக்கே தெரிந்தது.

கணவர் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தடுத்துவிட்டேன். மிரண்டால் வாலை உதறிவிடும், சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் அந்த வாலில்தான். வெறுங்கையை அதன் வயிற்றுக்கு அடியில் மெதுவாக நுழைத்தேன். வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது. ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது. "கெடைச்சிருச்சு" என்று நான் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். மருந்து அடிக்க வந்தவர்கள் கை தட்டினார்கள்.

அவர்கள் மருந்து அடிக்கட்டும் என்று லட்டுவோடு படியிறங்கி, வாசலில் உட்கார்ந்து மகளுக்கு வீடியோ கால் போட்டேன். நடந்ததை நான் சொல்லி முடிக்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

"அம்மா, நீ அதைக் கையில வச்சிருக்க" என்றாள். அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான்.

கண்டுபிடித்தது அந்தோணியார் என்கிறார் கணவர், பல்லி சொன்ன சொல் என்கிறார் ஓனரம்மா. இருக்கட்டும். இன்றைக்கும் எதைத் தேடினாலும், அது எங்கே இருக்கும் என்று நான் நினைப்பதை விட்டுவிட்டு, அதற்கு என்ன தேவை என்று முதலில் யோசிக்கிறேன்; மகளைப் புரிந்துகொள்ளவும் எனக்கு அதுதான் இப்போது உதவுகிறது.