பாய் கடை மெஷின் சும்மா இருந்தபோது

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். மிச்சம் பிடித்த பணத்தில் வளையல் வாங்குவேன் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் வாங்கிவந்து நின்றேன். பாடநூல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. டிவியோடு இணைத்தால்தான் அது என்ன நினைக்கிறது என்று நமக்குத் தெரியும். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கும் அந்த ஒரு வாரம் நிம்மதியாகத்தான் போனது.

அண்ணன் லாரி ஓட்டினார். ஆனால் யார் கேட்டாலும் "லீக் செக்ரட்டரி" என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார். தோட்டக் கால்பந்து லீக். ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டங்கள் கைமாறி, சில செம்பனையாகி, சில வீடமைப்புத் திட்டமாகி, ஆட்கள் தொழிற்சாலை வேலைக்கும் பட்டறை வேலைக்கும் நாலா பக்கமும் சிதறிவிட்டார்கள். தோட்டம் போனாலும் டீம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே அண்ணன் மற்ற ஆறு நாளும் லாரி ஓட்டினார் என்பேன்.

போன வருட ஆட்ட அட்டவணையை அண்ணனே உட்கார்ந்து எழுதியிருந்தார். ஒரே நாளில் ஒரே லாரி இரண்டு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. ஹுத்தான் மெலிந்தாங் டீமுக்கு அவர்கள் கடலுக்குப் போகும் நாளாகப் பார்த்து ஆட்டம் விழுந்தது. பாரிட் புந்தார்காரர்கள் அறுப்பு நேரத்தில் வரமுடியாமல் தோற்றதாக எழுதப்பட்டார்கள். எங்கள் டீமும் மணிக்கூண்டுத் தோட்டத்து டீமும் அடித்துக்கொண்டதில் கோல் கம்பமே சாய்ந்தது. கமிட்டியில் ஒருவர் எழுந்து, "இந்த வருசமும் இப்படித்தான்னா லீக்க மூடிட்டு அவனவன் வேலைய பாக்கலாம்லா" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாருக்கும் ஒத்துவரும் அட்டவணையை அண்ணன் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் லீக் அன்றோடு கலையும்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கோ உள்ளூரக் குஷி. கடல், அறுப்பு, லாரி, பழைய சண்டை என்று அத்தனை நிபந்தனைகளையும் மெஷினுக்கு எழுதிக்கொடுத்து, எப்படிக் கலைத்து அடுக்கினால் எல்லாம் பொருந்தும் என்று தேடவிட்டால் போதும். ஒரே சிக்கல், என் மெஷின் மட்டும் தேடினால் ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறும் வந்துவிடும். ஆகவே தேடலை மூன்று பங்காக்கினேன். ஒரு பங்கு எனக்கு. இன்னொன்று, அதே மெஷின் வைத்திருந்த பூகோள டீச்சர் அக்காவுக்கு. மூன்றாவது, சிம்பாங் பூலாயில் உணவுக்கடை வைத்திருந்த பாய்க்கு. கடைக் கணக்குப் போடலாம் என்று வாங்கிய அவருடைய மெஷின் கல்லாவுக்குப் பின்னால் தூசு படிந்து கிடந்தது. "லீக்குக்குன்னா எடுத்துக்கங்க டீச்சர், காசெல்லாம் வேணாம், பெர்ச்சுமா" என்றார்.

அந்த மெஷினுக்கு ஸ்லோ, ஃபாஸ்ட் என்று இரண்டு வேகம். ஸ்லோவில் திரையில் எழுத்தைக் காட்டிக்கொண்டே கணக்குப் போடும். திரையைப் பராமரிப்பதிலேயே முக்கால்வாசி உழைப்பு போய்விடும். ஃபாஸ்ட்டில் திரையைக் கைவிட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்க்கும். ஓயாமல் கதை பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்குகிறவர் வாயை மூடிக்கொண்டால் எவ்வளவு நறுக்குவார், அப்படி. வேலை முடிந்த பிறகுதான் திரையில் விடை வரும். மூன்று மெஷினையும் ஃபாஸ்ட்டில் போட்டேன். பாய் கடையில் கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்றிவிட்டு, "ஃபாஸ்ட்ல போட்டிருக்கேன் பாய்" என்று சொல்லி பஸ் பிடிக்க ஓடினேன். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பது அன்றைய என் நினைப்பு.

தினமும் பள்ளி போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். "ஏதாச்சும் தொல்லை கொடுக்குதா பாய்?"

"இல்ல டீச்சர். சும்மாதான் இருக்கு."

எங்கள் வீட்டில் பிள்ளை சும்மா இருக்கிறது என்றால் சேட்டை பண்ணாமல் சமர்த்தாக இருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷமாகப் போனை வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் என் மெஷின் திரையைக் காட்டியது. விடை இல்லை. சற்று நேரத்தில் அக்கா போன் செய்தார். அவருடையதிலும் இல்லை. அண்ணன் லாரிச் சாவியை எடுத்தார்.

பாய் கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது அவர் கையில் ஒரு மேசை விசிறி. மறு கை மெஷினின் பிளக்கின் மேல்.

"வாங்க டீச்சர். டிவில மேட்ச் பாக்க ஆளுங்க வராங்க, பேன் மாட்டணும். இதுதான் மூணு நாளா சும்மா இருக்கே. நானும் தினம் டிவிய மாத்தி மாத்திப் பாக்குறேன், ஒண்ணையும் காணோம். சும்மா கிடக்கறதுக்கு எதுக்கு கரண்ட்டு?"

"பாய்! தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ரொட்டி மாவை வீசிக்கொண்டிருந்தவர் அதைத் தவறவிட்டார். பாய் பிளக்கிலிருந்து கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். நான் மெஷினின் முதுகில் மெல்ல உள்ளங்கையை வைத்தேன். நல்ல சூடு.

"உசுரு இருக்கா பாப்பா?" என்றார் அண்ணன்.

"ஓடிக்கிட்டுதான் இருக்குண்ணே. இன்னும் முடிக்கல."

"ஓடுதா?" என்றார் பாய். "சத்தமும் இல்ல, படமும் இல்ல. எங்க ஊட்டு மருமகப்புள்ள மாதிரில்ல இருக்கு!"

டிவி இல்லாமலும் அது ஓடும் என்றேன். டிவி அவருக்கு, பிளக் எனக்கு என்று ஒப்பந்தம் ஆயிற்று. விசிறி இல்லாத கடையில் கூட்டம் வேர்த்துக்கொண்டு மேட்ச் பார்த்தது. பாதிநேர இடைவெளியில் டிவியை மெஷினுக்கு மாற்றினோம். சாம்பல் நிறம்தான். அண்ணன் மூன்றாவது தே தாரிக் டீயை வாங்கிக் குடிக்காமலே ஆறவிட்டார். நானோ, இதிலும் இல்லை என்று வந்தால் நாளைக்கு அவர் எழுந்து நின்று என்ன சொல்வார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் பாயே போய் டிவியை மாற்றினார்.

திரை நிறைய எழுத்துகள். வரிசை வரிசையாக, வாரம் வாரமாக, முழு அட்டவணை.

நான் கத்தினேனா, பாய் கத்தினாரா, நினைவில்லை. அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று வாசிக்கத் தொடங்கினார். மெஷினில் இடம் பத்தாது என்று டீமுக்கு ஓர் எழுத்துதான் கொடுத்திருந்தேன். அண்ணனோ ஒவ்வோர் எழுத்தையும் நம் ஆட்கள் வைத்த பெயராலேயே சொன்னார். "ஆத்தோரத் தோட்டம்!" என்றதும் மூலை மேசையிலிருந்து ஒரு கை எழுந்தது. "பெரிய டிவிஷன்!" வாசல் பக்கம் விசில் அடித்தார்கள். அரசாங்க வரைபடத்தில்கூட இல்லாமல் போய்விட்ட தோட்டங்கள் அந்தக் கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு வரியில் அண்ணன் நிறுத்தினார். நடு மேசையில் மணிக்கூண்டுத் தோட்டத்துக் கேப்டன், போன வருடம் அண்ணனின் சட்டையைக் கிழித்தவர், கையில் கிளாசோடு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்களுக்கு என்ன போட்டிருக்கு?"

"கடைசி வாரம்," என்றார் அண்ணன். "எங்களோட. உங்க திடல்ல."

கேப்டன் கிளாசை மெதுவாக வைத்தார்.

"அப்ப வாங்கண்ணே. மேட்ச் முடிஞ்சி யாரும் ஓடக்கூடாது. சோறு எங்க வீட்ல."

கடையே இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. அண்ணனும் சிரித்தார், சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். நான் அட்டவணையைத் தாளில் எழுதி முடித்து மெஷினை நிறுத்தக் கை நீட்டியபோது நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்.

"பாப்பா, அடைச்சிராத. இன்னொரு தரம் வாசிக்கிறேன்."

முதல் வாரத்திலிருந்து மறுபடி வாசித்தார். ஒவ்வொரு தோட்டமும் மறுபடி பதில் சொன்னது.