கோட்டைச் சுற்றிய அழுக்கு

எங்கள் அச்சகத்தில் கணினி முன் உட்காரும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் டீச்சர். படம் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம், எதை எந்த வகை ஃபைலில் சேமிக்க வேண்டும் என்று பாடம் எடுப்பாள். சும்மா இல்லை, கடித்துக் குதறிவிடுவாள். பக்கத்து மேசையில் தாள் வெட்டுகிற எனக்கே அது மனப்பாடம்.

"போட்டோவா? ஜேபெக் போதும். நிறமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துதான் இருக்கும், ஃபைலைச் சுருக்கறப்ப கொஞ்சம் தூக்கிப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. கோட்டுப் படமா, எழுத்தா? பிஎன்ஜி. அதுல ஒரு புள்ளி போகாது. வாட்டர்கலரைப் பெருசா அச்சடிக்கணுமா? டிஃப் கொண்டாங்க, கனமா இருந்தா இருந்துட்டுப் போகுது."

கோட்டுப் படத்தை யாராவது போன் மெசேஜில் அனுப்பினால் தொலைந்தார்கள். திரையில் பெரிதாக்கி, கோட்டைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி நிற்கும் சாம்பல் புள்ளிகளைக் காட்டுவாள். "பாருங்க இந்த அழுக்கை! போனதை நான் எங்கிருந்து கொண்டுவர?"

டீச்சருக்கு இந்தக் கோட்டுப் பைத்தியம் அவள் தங்கையால் வந்தது. தங்கை குழந்தைகள் புத்தகங்களுக்கு டேப்லெட்டில் படம் வரைகிறவள். வெறும் கறுப்புக் கோடுதான். ஆனால் ஒரே இழுப்பில் பூனை எழுந்து நடக்கும். அக்காவைச் சீண்டுவதற்கென்றே ஜேபெக்கில் அனுப்பி, "டீச்சர், அழுக்கைத் துடைச்சுக்கோ" என்று எழுதுவாள். அந்தப் பெண்ணைத்தான் ரத்தப் புற்றுநோய் கொண்டுபோனது. என்ன வயது அதற்கு!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கடைசியாக வரைந்தது, பக்கத்து நாற்காலியில் தூங்கிப்போன அம்மாவை. மெசேஜில் அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். அவள் போன பிறகு, பாஸ்வேர்டு தெரியாமல் அவர்கள் தம்பி அந்த டேப்லெட்டை மொத்தமாக அழித்துத் திறந்துவிட்டான். பாவம், வேண்டுமென்றா செய்தான்? மிஞ்சியது போனில் சுருங்கிக் கிடந்த படம் மட்டும்.

ஒருநாள் அம்மா அதை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"சுவர்ல மாட்டணும், பெருசா போட்டுக் குடும்மா. ஊருக்கெல்லாம் போடறியே."

டீச்சர் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள். நான் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினேன். அதே சாம்பல். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"என்னடி இது, ஈரம் பட்ட மாதிரி? அழுதுகிட்டே வரைஞ்சாளா என் பொண்ணு?"

"ஐயோ, இல்லம்மா! இது ஜேபெக். போன் சுருக்கும்போது தானா வர்ற அழுக்கு. அவ போட்ட கோடு சுத்தமாத்தான் இருந்துது. பாரு, எங்கயாவது கை நடுங்கியிருக்கா?"

அதே பாடம்தான். ஆனால் டீச்சர் அதைக் கெஞ்சுகிற குரலில் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அம்மா படத்தில் இருந்த தன் சாய்ந்த தலையை, தொங்கிய கையை, விரலால் தொடர்ந்து போனார்.

"நிஜமா?"

"நிஜமா."

"அப்ப, அவ முழிச்சிருந்தப்ப நான் தூங்கிட்டேன்னு கோபமில்லையே அவளுக்கு?"

டீச்சர் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

உள்ளங்கை அளவில்தான் அச்சடித்தோம். அந்த அளவில் அழுக்குத் தெரியாது. ஓரத்தை வெட்டினது நான். கண்ணீர் மறைத்து ஒரு பக்கம் கோணிவிட்டது. அம்மா அதையே வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.