குங்குமம் வைத்த மிஷின்

என் வீட்டுக்காரருக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் பாதி மிச்சம் இருந்தது. போர் போடும் ரிக் வண்டியில் பதினாறு வருடம் காதைப் பிளக்கும் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த போனஸ் அது. நாமக்கல்லில் பார்த்த காது டாக்டர், "இன்னும் ஒரு சீசன் போனாருன்னா இருக்கறதும் போயிருமுங்க" என்றார். அதை அங்கேயே இவருக்கு நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டுச் சங்கதி தெரிந்துபோயிற்று.

அதனால்தான் நான் தொழில்முனைவோர் ஆகப் போனேன். ஆசைப்பட்டு ஒன்றும் இல்லை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வெள்ளாமைக் காடு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இல்லை. ஒடிசா வரைக்கும் போய் ஊரானுக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்கு, சொந்தக் காட்டில் மூன்று இடத்தில் போர் போட்டும் புழுதிதான் வந்தது. இவர் வீட்டோடு இருக்க ஒரு பிழைப்பு வேண்டும், அது சத்தமில்லாத பிழைப்பாக இருக்க வேண்டும். யோசித்து யோசித்துப் பாக்குமட்டைத் தட்டில் வந்து நின்றோம். தம்மம்பட்டிப் பக்கம் தோப்புகளில் மட்டை கிடைக்கும். நனைத்து, அச்சில் வைத்து, சூட்டில் அழுத்தினால் தட்டு. மிஷின் புஸ்ஸென்று ஒரு மூச்சு விடும், அவ்வளவுதான்.

பெண்கள் பேரில் போட்டால் மானியம் கூடுதலாக வரும் என்றார்கள், அதனால் விண்ணப்பம் என் பேரில். பத்து நாள் பயிற்சிக்குப் போனேன். தினமும் காலையில் பயிற்சி கொடுத்தவர், "வேலை தேடாதீங்க, வேலை குடுங்க" என்று எங்களையும் சேர்ந்து சொல்ல வைத்தார். நானும் சத்தமாகச் சொன்னேன். நான் வேலை கொடுக்க நினைத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

அரசாங்க ஆபீசைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் எல்லாரும் லஞ்சத்தில்தான் ஆரம்பிப்பார்கள். என்னிடம் யாரும் ஒரு டீ கூடக் கேட்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். உட்காரச் சொன்னார்கள், மேடம் என்று கூப்பிட்டார்கள். நேர்காணலில் கேட்ட நாலு கேள்விக்கும் பதில் சொன்னேன், தலையை ஆட்டினார்கள். ஃபைல் பேங்குக்குப் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்த பூசாரிகளும் நல்லவர்கள்தான். அதைத்தான் இன்று வரைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

எங்களுக்கு ஒரு கெடு இருந்தது. வடக்கே மழை பிடித்தால் ரிக் வண்டிகள் ஊருக்கு வந்து நின்றுவிடும். புரட்டாசி கழிந்தால் மறுபடி கிளம்பிவிடும். அதற்குள் லோன் வந்துவிட்டால் இவர் போக வேண்டியதில்லை. பேங்கில், எங்கள் பங்குப் பணத்தை மிஷின்காரருக்குக் கட்டி ரசீது கொண்டுவரச் சொன்னார்கள். என் வளையல்களை அடகு வைத்துக் கட்டினோம். ரசீது மட்டும் கொடுத்தனுப்ப வேண்டிய கோயம்புத்தூர் மிஷின்காரர், நல்ல மனசோடு மிஷினையே டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார். போன் போட்டுக் கேட்டதற்கு, "ஆடிப் பதினெட்டு வருதுங்க. அதை உட்டா ஆடி பூரா நல்ல காரியம் ஆகாது. நீங்க ஓட்டுங்க, மீதியை லோன் வந்ததும் பார்த்துக்கலாம்" என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் ஆடிப் பதினெட்டு அன்று மிஷினைச் சும்மா நிறுத்தி வைக்கிற ஆள் யார்?

அன்று விடிய மோகனூர் போய்க் காவிரியில் முழுகி, ஒரு குடம் தண்ணீர் கொண்டு வந்து மிஷினைச் சுற்றித் தெளித்தோம். சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி இவர் சுவிட்சைப் போட்டார். முதல் தட்டு விழுந்தது. இவர் குனிந்து வலது காதை மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கேக்குது அம்மிணி, புஸ்ஸுங்குது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கி வைத்திருந்த மட்டை தீரும்வரை அன்று பூராவும் ஓட்டினோம். அக்கம்பக்கத்தாருக்கு அந்தத் தட்டிலேயே சாப்பாடு போட்டோம். மிச்சத் தட்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி மேலே அட்டாலியில் ஏற்றி வைத்தேன்.

ஆவணியில் அதிகாரி இடம் பார்க்க வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பைக்கில் தனியாக வந்தார். மிஷினில் குங்குமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் வந்தார்.

"பூஜையெல்லாம் போட்டாச்சு போல" என்றார்.

ஆமாங்க என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "ஆடிப் பதினெட்டுக்கே ஓட்டிட்டமுங்க சார். தட்டு நல்லா வருதுங்க" என்று தட்டுக் கட்டு ஒன்றை இறக்கி அவர் கையில் கொடுத்தேன். பெருமை, வேறென்ன.

அவர் ஒரு தட்டை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் இங்கயே அடிச்சதாம்மா?"

"பூராமே இங்க அடிச்சதுதானுங்க."

தட்டைக் கட்டுக்குள் திரும்பச் செருகினார். "ஏம்மா சொன்னீங்க" என்றார். "இது புதுசா ஆரம்பிக்கப் போறவங்களுக்கு உண்டான ஸ்கீம்மா. சாங்ஷனுக்கு முன்னாடியே உற்பத்தி ஆரம்பிச்சிருந்தா அது ஓடுற யூனிட்டு. நான் எழுதித்தான் ஆகணும். நாளைக்கு ஆடிட்ல என்னத்தான் கேப்பாங்க."

"ஒரு நாள்தானுங்களே சார். சாமிக்கு ஓட்டுனதுங்க."

"சாமிக்கு ஓட்டுனாலும் ஓட்டுனதுதாம்மா" என்றார். குரல் உயரவில்லை. குங்குமத்தோடு மிஷினைப் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு தட்டைக் கூட எடுத்துக்கொள்ளாமல் கட்டை முக்காலி மேல் வைத்துவிட்டார். நேர்மையான மனிதர். ஒரு கையாலாகாத கோபம் எனக்கு இன்னும் அவர் மேல் இருக்கிறது, திட்டத்தான் வார்த்தை இல்லை.

இத்தனைக்கும் இவர் டீ டம்ளரோடு சிரித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தையும் அவர் காதில் விழவில்லை. அதிகாரி பைக்கை எடுப்பதற்குள், "என்ன சொன்னாரு அம்மிணி? ஆயிருமா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. அதிகாரி எங்களைப் பார்க்காமல் கிளம்பிப் போனார்.

மனு திரும்பி வந்ததும் ஆபீசுக்குப் போனேன். மேசையில் இருந்த பெண் முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "ஓடற யூனிட்டுக்கு வேற ஸ்கீம் இருக்குதுங்க. ஆனா மூணு வருஷம் ஓடியிருக்கோணுமுங்க" என்றாள்.

"மூணு வருஷம் ஓட்டறதுக்குத்தானுங்களே லோன் கேக்கறேன்."

"புரியுதுங்க மேடம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல எடமே இல்லீங்க."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. அவளும் என்னைப் போலத்தான் தினமும் பஸ் பிடித்து வருகிறவள், அவளிடம் கத்தி என்ன பிரயோசனம். வெளியே மரத்தடியில் ஒரு புதுக் கூட்டம் பயிற்சிக்குச் சேர வரிசையில் நின்றது. அவர்களிடம் எதையாவது சொல்லலாமா என்று நினைத்தேன். என்ன சொல்வது? ஆரம்பிக்காதீர்கள் என்றா?

மீதிப் பணம் வராது என்று தெரிந்ததும் மிஷின்காரர் புரட்டாசிக் கடைசியில் டெம்போ அனுப்பினார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஏற்றும்போது இவர்தான் ஒரு பக்கம் கை கொடுத்தார். குங்குமம் கூட அழியாமல் மிஷின் போனது. அடுத்த வாரம் திருச்செங்கோட்டிலிருந்து ரிக் முதலாளியின் போன் வந்தது, நான்தான் எடுத்தேன். இவர் துணியைப் பையில் திணித்துக்கொண்டே, "ஒரு சீசன்தான அம்மிணி" என்றார். டாக்டர் சொன்னதும் அதே ஒரு சீசன்தான். நான் அதைத் திரும்பக் கத்தவில்லை.

தை மாதம் அந்த ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னாள். பயிற்சி முடித்துத் தொழில் தொடங்கியவர்கள் பட்டியலில் என் பேர் இருக்கிறதாம். அந்த அதிகாரி எழுதிய அறிக்கையில் யூனிட் ஓடுகிறது என்று இருக்கிறதல்லவா, அதை வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். லோனுக்கு எமனாக வந்த அதே வரிதான். "யூனிட் இப்ப எப்பிடிங்க மேடம் போகுது?" என்று கேட்டாள். டெம்போவில் போனது என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லாப் போகுதுங்க என்று வைத்துவிட்டேன்.

இப்போது இவர் வெறும் போனில் பேசுவதில்லை, வீடியோவில்தான் கூப்பிடுகிறார். வலது காதும் முடிந்தது என்று அவர் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன். நான் என்ன கத்தினாலும் சிரித்துக்கொண்டே சம்பந்தமில்லாமல் தலையாட்டினார். அதனால் அட்டாலியிலிருந்து தட்டுகளை இறக்கினேன். மகளுடைய ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதிக் கேமராவுக்கு நேரே பிடிக்கிறேன். சாப்பிட்டீங்களா. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. அங்க குளிருதா. ஒரு தட்டில் இரண்டு பக்கமும் எழுதலாம். அவர் கண்ணைச் சுருக்கிப் படித்துவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கும்படி பதில் சொல்கிறார்.

கட்டுகளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. முடிக்கும்போது எப்போதும் போல, "வாரேன் அம்மிணி" என்கிறார். நானும் வாயால் சரிங்க என்கிறேன். அதைத் தட்டில் எழுதி முடிப்பதற்குள் அவர் வைத்துவிடுகிறார்.