பரீட்சை எழுதிய கோழிகள்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. கறிக்கடைக்கு வந்த கோழி எந்தத் தரையில் நிற்க விரும்பும், கம்பி வலையிலா, மரத்தூளிலா? மாட்டுங்காவில் சைவ வீட்டில் வளர்ந்த நான், தாராவியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர்தான் உள்ளே விட்டார். திருநெல்வேலிக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கையைக் கழுவிவிட்டு வந்து, கடைசி வரிவரை வாசித்தார்.

"கூண்டுல நிக்கப்போறது கோழி. நான் எதுக்கும்மா கையெழுத்துப் போடணும்?"

"கோழியால சொல்ல முடியாதே அண்ணாச்சி. அதுக்குப் பொறுப்பானவர் போடணும். கார்டியன் மாதிரி."

கோழியைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "சாயந்தரம் அறுக்கப்போறவன் நானு. நானா கார்டியன்?"

இத்தனை வருடம் உயிர்நெறியியல் படித்த நான் பேனாவை நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பத்துக் கோழிகளுக்குக் காலில் நீல வளையம் மாட்டினேன். ஒரு பாதியில் கம்பி வலையும் மறுபாதியில் மரத்தூளும் உள்ள கூண்டில் ஒவ்வொன்றாக விட்டேன். முதல் கோழி நடுக்கோட்டிலேயே அரை மணி நேரம் நின்றது. அடுத்தது என் குறிப்பேட்டைக் கம்பி வழியாகக் கொத்திக் கிழித்தது.

மூன்றாம் நாள் வடாலாவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். "அந்த வளையம் போட்டதக் குடுங்க. நல்லா எடையா இருக்கு."

"அது பரீட்சை எழுதிக்கிட்டிருக்கு. வேற பாருங்க" என்றார் கடைக்காரர்.

"எப்ப முடியும்?"

"டீச்சரம்மாகிட்ட கேளுங்க."

வீட்டில் விருந்தாளி காத்திருக்கும் கோபத்தோடு அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் உள்ளே இருந்த கோழி மரத்தூளில் படுத்தது. இறகை விரித்துத் தூளை வாரி வாரி முதுகில் போட்டுப் புரண்டது.

"இது என்ன, வலிப்பா?" கடைக்காரர் பதறினார்.

"குளிக்குது அண்ணாச்சி."

அவர் வெகுநேரம் நின்று பார்த்தார். "இருபது வருசமா இதுகளோட கெடக்கேன். இது குளிக்கும்னு எனக்குத் தெரியாதே." அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார்.

ஆய்வு முடிந்த பின் கோழிகளை 'உரிமையாளரிடம் ஒப்படைப்பேன்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அதன் பொருள் என்ன என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. கடைசி நாள் வளையத்தைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு அவரே போன் செய்தார்.

"வளையம் இன்னும் மிச்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"ஆளுவ எல்லாம் டெஸ்ட் கோழி இருக்கான்னு கேக்காவ. அதுல ருசி கூடுதலாம்."

என் ஆய்வு இப்படியா பயன்பட வேண்டும் என்று கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வளையம் தர மறுத்தேன். "ருசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மரத்தூள் போடுங்க, அது போதும்."

"அது போட்டாச்சேம்மா. குர்லா பட்டறையில ரெண்டு மூட்டை வாங்கி எல்லாக் கூண்டுலயும் போட்டுட்டேன். இப்பகூட ஒண்ணு குளிச்சிட்டுதான் இருக்கு."