நீலத்துக்கு அடியில் சிவப்பு

படத்தின் பின்புறம் பென்சிலில் இந்தி எழுத்து: ‘மார்ச் 2005, கேம்ப், போர்ட் பிளேர்.’ நாள் குறிக்கப்படவில்லை. முன்புறம் கடல், சிவப்பின் மேல் நீலம் ஏறி, ஊதா என்றும் சொல்ல முடியாத ஒரு நிறம். அடித்தது என் தம்பி. அப்போது அவனுக்கு மூன்று வயது, எனக்கு ஏழு.

சுனாமி அலை வந்த பிறகு கச்சால் தீவிலிருந்து எங்களைக் கப்பலில் ஏற்றி, ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இறக்கியிருந்தார்கள். ரப்பர் தோட்டத்துக்குத் திரும்ப விடுவார்களா, கடலுக்கு அப்பால் இந்தியப் பெருநிலமான மெயின்லேண்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்பதே பெரியவர்களின் பேச்சு. மெயின்லேண்டில் எங்களுக்கு யாருமில்லை. அந்தச் சமயத்தில்தான், அக்கா என்ற பொருளில் எல்லோரும் தீதி என்று அழைத்த ஓர் இளம்பெண் கிரேயான்களும் வண்ணம் தீட்டக் கோட்டுப் படங்களும் கொண்டுவந்து பிள்ளைகளை உட்கார வைத்தார்.

பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர் அவர்.

“இப்படித்தான் ஒருத்தன் சிரிச்சிக்கிட்டே பேப்பரோட வந்தான். அப்புறம் கப்பல்ல ஏத்திட்டாங்க.”

தீதி புதுக் கிரேயான்களைத் துண்டு துண்டாக உடைத்துக் கொடுத்ததும் சந்தேகம் முற்றியது. “முழுசா குடுக்க மனசில்ல பாரு. வேவு பாக்க வந்தவதான்.”

கடலுக்குப் பயப்படும் பிள்ளைகளைப் படத்தில் கண்டுபிடித்து, அந்தக் குடும்பங்களை மெயின்லேண்டுக்கு அனுப்பும் பட்டியலில் எழுதிவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு. ஆகவே உத்தரவு போட்டார்: “கடலுக்கு நீலம். வேற கலரத் தொட்டா கைய ஒடிப்பேன்.”

நான் நீலமே அடித்தேன். தம்பிதான் சிக்கல். அலைக்குப் பிறகு அம்மாவின் முந்தானையை அவன் இடது கை விட்டதேயில்லை, தூக்கத்திலும் பிடித்திருப்பான். அன்று ஒரு சிவப்புத் துண்டை விரல்நுனியில் பிடித்துக் கடலில் தேய்த்தான். காகிதம் நழுவி நழுவி ஓடியது. ஜன்னலருகே நின்ற பெரியப்பா பாய்ந்து வந்து, சிவப்பைப் பிடுங்கி நீலத்தைத் திணித்தார்.

“ரஹ்னே தீஜியே, அங்கிள்,” என்றார் தீதி, ‘விட்டுவிடுங்கள்’ என்று இந்தியில்.

“கேட்டியாம்மா? சிவப்பே இருக்கட்டுமாம்!” என்று பெரியப்பா அம்மாவிடம் பொருமினார்.

தம்பி எதற்கும் அசையவில்லை. சிவப்பின் மேலேயே நீலத்தைத் தேய்த்தான். தீதி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஏமாந்துட்டா,” என்று பெரியப்பா என் காதோரம் சிரித்தார். நானும் நம்பினேன்.

நழுவாமலிருக்கக் காகிதத்தைத் தம்பியின் இடது கை அழுத்திப் பிடித்திருந்தது. முந்தானை தரையில் கிடந்தது. இரண்டையும் பார்த்தேன், பார்த்தது என்னவென்று அப்போது தெரியவில்லை. சின்னத் துண்டைப் பிஞ்சு விரல்கள் பிடிப்பது எளிது என்பதும், தீதி கண்ணைத் துடைத்தது அந்தக் கை முந்தானையை விட்டதற்காக என்பதும் வளர்ந்த பிறகே புரிந்தது.

படத்தைத் தீதி அம்மாவிடமே கொடுத்துவிட்டார். பிறகு கச்சாலுக்குத் திரும்பினோம். நீலம்தான் காப்பாற்றியது என்று பெரியப்பா கடைசிவரை சொன்னார். மற்றப் பிள்ளைகளின் படங்களை எந்த அதிகாரியாவது பார்த்தாரா என்பதை மட்டும் என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.