விமானப் பாதைக்குக் கீழே ஒரு ஜவ்வரிசிக் களம்

விமானம் ஓட்டுகிறவள் என்று தெரிந்ததும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மேலிருந்து பார்த்ததிலேயே மறக்க முடியாதது எது? அஸ்தம்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "கீழ பாக்கறப்பத் தல சுத்தாதுங்களா?" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். ரசம் வந்ததும் அதையும் விட்டுவிட்டார்.

என்னோடு வேலை செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். லே போகும் வழியில் விடிகாலையில் பனிமலை முழுக்க ரோஜா நிறமாக மாறியதை ஒருவர் சொல்வார். வங்காள விரிகுடாவுக்கு மேலே ஒரு மேகம் உள்ளுக்குள்ளேயே மின்னிக்கொண்டிருந்ததை இன்னொருவர் கையை விரித்து விரித்துச் சொல்வார். மேகத்தின் மேல் விழும் விமான நிழலைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வானவில் தெரியும். அதைப் பார்க்காத விமானி கிடையாது. ஆனாலும் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் காட்டிய மாதிரிதான் பேசுவார்கள். நானும் அதையெல்லாம் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

என்னைக் கேட்டால் சேலத்துக்கு மேற்கே ஒரு ஜவ்வரிசிக் களம் என்பேன். விமானிகள் அறையில் இதைச் சொன்னால் மரியாதைக்குச் சிரிப்பார்கள் என்பதால் சொல்வதில்லை.

அப்பாவுக்கு அங்கே சின்னதாக ஒரு சேகோ பேக்டரி இருக்கிறது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து, மாவெடுத்து, உருட்டி, வறுத்து, கடைசியில் சிமெண்ட் களத்தில் வெயிலில் காயப்போட்டால்தான் ஜவ்வரிசி. எங்கள் களத்தை ஒட்டி இன்னும் மூன்று பேருடைய களங்கள். வெயில் ஒழுங்காக அடித்தால் சரக்கு வெள்ளைவெளேரென்று காயும். மேகம் கவிந்து மூடாக்கு விழுந்தால் பழுப்படிக்கும். ஈரச் சரக்கில் மழை விழுந்தால் பாலாகக் கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும், அப்புறம் அழுதும் புண்ணியமில்லை.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் யாராவது ஒருவர் முதலில் விரித்தால்தான் மற்றவர்கள் விரிப்பார்கள். தப்பாகிப்போனால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே! பல வருடங்களாக அந்த ஆள் எங்கப்பா. அவருக்கு வானிலை சாஸ்திரமெல்லாம் தெரியாது. போனில் பார்ப்பார், அண்ணாந்து பார்ப்பார், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் டீ குடிப்பார். அவர் களத்தில் முதல் கூடை கவிழ்ந்தால் மற்ற மூன்று களங்களிலும் கூடைகள் கவிழும். ஏன் அவர் என்று யாருக்கும் தெரியாது. அவரையே கேட்டேன். "ஆரோ ஒருத்தன் ஏமாளி வேணுமல்லொ" என்றார்.

நான் பல வருடம் வடக்கே ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, பெங்களூரிலிருந்து சேலம் வரும் சின்ன விமானத்துக்கு மாறினேன். தரையிறங்கும் பாதை எங்கள் களத்துக்கு மேலேயே போகிறது. இது தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தால் ஓட்டுவது நான்தான் என்று அர்த்தம் எனச் சொல்லி வைத்திருந்தேன். அதை அவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

முதல் தடவை வந்து இறங்கியதும் போன் வந்தது.

"நம்ம களம் தெரிஞ்சுதா சாமி?"

"இல்லீங்கப்பா. பக்கத்துக் களம் தெரிஞ்சுது."

அன்றைக்கு எங்கள் களத்தைக் கழுவிக் காலியாகப் போட்டிருந்தார்கள். வெறும் சிமெண்ட் மேலிருந்து பார்த்தால் மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும். இதை விளக்கிச் சொன்னேன், காதில் வாங்கவே இல்லை. "அவங் களத்துல பாதி பேந்து கெடக்குது, அது தெரியுதாமா!" என்று அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் பொருமியிருக்கிறார். பாவம் அம்மா, நான் சொன்னதற்கு அவர் பேச்சு வாங்கினார்.

பிறகு ஐப்பசியில் ஒரு மூடாக்கு பிடித்தது. நாள் கணக்கில் வெயில் இல்லை. நான்கு பேருடைய ஈரச் சரக்கும் கொட்டகைக்குள்ளேயே அடைந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் போனால் புளித்துவிடும். அப்படிப் புளித்தால் மாட்டுக்குக்கூட ஆகாது. நான்கு குடும்பமும் ஒரு வாரம் பாடுபட்டது அத்தனையும் குப்பை. இந்த நேரம் பார்த்து, நாளை மதியம் சேலத்துக்கு நான்தான் ஓட்டி வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நாளைக்கி விரிச்சர்றேன்" என்றார்.

"வானம் எப்படிங்கப்பா இருக்குது?"

"வானத்துக்கென்ன, அது பாட்டுக்கு இருக்குது. நீ பாத்து வா."

மறுநாள் காலையில் பளிச்சென்று வெயில் அடித்ததாம். அப்பா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, நேராகக் கூடையைக் கவிழ்த்துவிட்டார் என்று அம்மா பின்னால் சொன்னார். மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் தயக்கம் இருந்திருக்கிறது. ஆனாலும் அவர் விரித்தாரே என்று விரித்துவிட்டார்கள்.

கேப்டன் நான் என்றாலும் அன்றைக்கு ஓட்டும் முறை துணை விமானிக்கு, லூதியானா பக்கத்துக்காரர். நான் ரேடியோவையும் விளக்குகளையும் கவனித்துக்கொண்டேன். மேட்டூர் அணையின் தண்ணீர் தெரிந்தது. அதைத் தாண்டி வளைந்து, வடகிழக்கே பார்த்துத் திரும்பினோம். அப்போதுதான் பார்த்தேன். மழை பெய்து கறுத்த காடுகள், பச்சைக் குச்சிக்கிழங்குத் தோட்டங்கள், நடுவில் வெள்ளையாக நான்கு சதுரங்கள். ஐயோ, என்ன வெள்ளை! துவைத்துக் காயப்போட்ட வேட்டியைப்போல. கண்ணே கூசியது. ஆட்கள் காலால் கிளறிவிட்ட கோடுகள்கூடத் தெரிந்தன.

"அது என்ன, உப்பா?" என்றார் துணை விமானி.

"ஜவ்வரிசி."

"இவ்வளவுமா?"

"இந்தக் கடைசிச் சதுரம் எங்கப்பா போட்டது" என்றேன். என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது. பனிமலை பார்த்த நாளில் எனக்கு இப்படி இருந்ததில்லை.

பிறகு நிமிர்ந்து முன்னால் பார்த்தேன். ஓடுபாதைக்குப் பின்னால் சேர்வராயன் மலை தெரிய வேண்டும். மலையைக் காணோம். அது இருந்த இடத்தில் தரைவரைக்கும் சாம்பல் நிறத்தில் மழை இறங்கியிருந்தது. நின்று பெய்யவில்லை, எங்களைப் பார்த்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நாங்கள் முந்தி இறங்கிவிடுவோம், அதில் சந்தேகமில்லை. எங்களுக்குப் பின்னால் அது களத்துக்கும் வந்து சேரும், அதிலும் சந்தேகமில்லை. கீழே இருப்பவர்களுக்கு இன்னும் உச்சி வெயில். அந்த நேரத்தில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்தி, என்னால் ஜன்னலைத் திறந்து கத்தக்கூட முடியாது.

கையில் இருந்தது விளக்கு ஒன்றுதான். போட்டேன், அணைத்தேன். போட்டேன், அணைத்தேன். என் புத்திக்கு அப்போது எட்டியது அவ்வளவுதான். வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டால் ஏதோ விஷயம் என்று புரிந்துகொள்வார் என நினைத்தேன்.

களத்தில் புள்ளி புள்ளியாக இருந்த ஆட்கள் ஓடிவந்து ஓர் இடத்தில் கூடினார்கள். அப்பாடா, புரிந்துவிட்டது என்று இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், எல்லோரும் கையை ஆட்டுகிறார்கள். நான்கு களத்து ஆட்களும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, துண்டை வீசி வீசி ஆட்டுகிறார்கள்!

துணை விமானிக்கு ஒரே சந்தோஷம். "உங்களுக்கு எவ்வளவு அன்பான வரவேற்பு!" என்றார். அவர் கவனம் ஓடுபாதையில் இருக்கட்டும் என்று சொன்னேன். கொஞ்சம் எரிந்து விழுந்துதான் சொன்னேன்.

இறங்கி, நிறுத்தி, இன்ஜினை அணைத்த கையோடு அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மா எடுத்தார்.

"அப்பா போனு ஊட்லயே சார்ஜுல கெடக்குது. அவரு களத்துல இருக்கறாரு. நீ லைட்டுப் போட்டியாமா, எல்லாருக்கும் டீ வெக்கச் சொல்லியுட்டாரு."

"அம்மா, மழை வருதுங்கம்மா. ஓடிப்போய்ச் சொல்லுங்க."

"மழையா? இங்க வெயிலு மண்டயப் பொளக்குதே!"

"அம்மா, தயவுபண்ணி ஓடுங்க!"

போனைக் கீழே போடும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. இரண்டாவது துளியை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. மழை விடும்வரைக்கும் கிளம்ப வேண்டாம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் சொன்னார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய? பணிப்பெண் காபி கொண்டுவந்து கொடுத்தார், அது ஆறிப்போனது. வீடும் களமும் எவ்வளவு தூரம், மழை எவ்வளவு வேகம், அம்மா எப்படி ஓடுவார் என்று மனசு போட்டு உருட்டிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்று பேரில் ஒருவர் தன் மகளுக்குப் போன மாதம்தான் நிச்சயம் செய்திருந்தார். அவர் எங்கப்பாவை நம்பி விரித்தவர்.

மழை விட்டது. காற்று அடங்கியிருந்தது. தென்மேற்கே கிளம்பச் சொன்னார்கள், அதாவது திரும்பவும் களத்துக்கு மேலேயே. இந்தத் தடவை நான் விளக்கைத் தொடவில்லை.

மேலே ஏறியதும் களங்கள் வந்தன. பக்கத்துக் களம் மூன்றிலும் சரக்கைக் குவித்து மூடியிருந்தார்கள். ஒவ்வொரு குவியலும் இறுக்கி, கல் வைத்து, பத்திரமாக இருந்தது. அவர்களுடைய தார்ப்பாய்கள் நீலம். ஆனால் பாதிக் குவியல்களின் மேல் காவி நிறத்தில் தார்ப்பாய் கிடந்தது. காவி எங்களுடையது, நாமக்கல் லாரிக்காரர்களிடம் அப்பா வாங்கிய பழைய தார்ப்பாய். அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அது கிடையாது.

எங்கள் களத்தில் தார்ப்பாயே இல்லை. குவியலும் இல்லை. கழுவிவிட்ட மாதிரி சிமெண்ட் தெரிந்தது. களத்தின் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு இறங்கி, வாய்க்காலில் சேர்ந்து, கிழங்குத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ரோடு வரைக்கும் போயிருந்தது. கிடைத்த கொஞ்ச நேரத்தில் தன்னுடைய ஆட்களையும் தார்ப்பாய்களையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கே ஓடியிருக்கிறார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. களத்தின் நடுவில் ஒரே ஒரு ஆள் நின்றிருந்தார். விமானச் சத்தத்துக்கு நிமிர்ந்தார். விளக்கைப் போட்டு அணைக்காததால் அதை ஓட்டுவது நானில்லை என்று நினைத்திருப்பார், கையை ஆட்டவில்லை.

துணை விமானி உயரத்தை வாசித்தார். அவர் இரண்டாவது தடவை வாசித்தபோதுதான் பதில் சொன்னேன். கண் நிறைந்திருந்தது, வெயிலே இல்லாத நேரத்தில் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெங்களூரில் இறங்கியதும் கூப்பிட்டேன். அவரே எடுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நீ போட்ட லைட்டு நெம்ப ஜோரா இருந்துச்சு சாமி. எல்லாரும் பாத்தாங்க."

"மழை எப்படிங்கப்பா?"

"அதென்ன பெரிய மழ? ரெண்டு தூத்தப் போட்டுச்சு, போயிருச்சு. உங்கொம்மா சொன்னதும் எல்லாத்தயும் அள்ளி மூடிட்டம். ஒரு மணி சேதாரமில்ல."

"நம்ம களத்துல?"

யாரோ களத்தைத் துடைப்பத்தால் தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

"நம்ம களத்துலதான் மொதல்ல மூடுனம்" என்றார் அப்பா.

"நல்லதுங்கப்பா" என்றேன்.