பதினாறு மணிக்கட்டுகள்

முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு நோய் ஒட்டிக்கொள்ளும். தப்பாகப் போட்டவன்மேல் எனக்குச் சந்தேகமே வராது; அவன் தானாகத்தான் போட்டிருப்பான். சரியாகப் போட்டவன் யாரைப் பார்த்து எழுதினான் என்றுதான் கண் தேடும். சாந்தோமில் ஒரு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கையோடு, எங்கள் பேட்டையின் கால்பந்து கிளப்புக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். நோயும் கூடவே வந்தது.

கிளப் பழையது. என் அப்பா அதில் ஆடியிருக்கிறார். நான் பொறுப்பேற்றபோது நகர லீகின் கடைசி டிவிஷனில் கிடந்தது. ஒவ்வொரு சீசனுக்கும் வெளியூரிலிருந்து ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்து திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கவைப்போம். சீசன் முடிந்ததும் போய்விடுவார்கள். அடுத்த வருஷம் வேறு முகங்கள். சட்டை மட்டும்தான் எங்களுடையது.

புதிதாக வந்த கோச் முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே இதை நிறுத்தச் சொன்னார். நாற்பதை நெருங்கிய மனிதர். ஒரு காலத்தில் நல்ல கோல்கீப்பர். கே.கே. நகரில் கூரியர் ஆபீசில் வேலை.

"பன்னெண்டு, பதிமூணு வயசுல பதினாறு பசங்களைக் குடுங்க சார். அஞ்சு வருஷம் என் கையில விடுங்க. அப்புறம் நீங்க யாரையும் தேடிப் போக வேணாம்."

எங்கள் தலைவர் தெற்கு மாட வீதிக்கார வக்கீல். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாம வளர்த்துண்டே இருப்போம். நன்னா ஆட ஆரம்பிச்சதும் வேற கிளப்காரன் கொத்திண்டு போயிடுவான். அப்போ?"

"நாலு பேர் போனாலும் பன்னெண்டு பேர் இருப்பாங்க சார்" என்றார் கோச்.

வேறு வழி இல்லாததால் சம்மதித்தோம். எனக்கு மட்டும் உறுத்தலாக இருந்தது. இந்த மனிதருக்கு இதில் என்ன கிடைக்கும்? விடிகாலை ஐந்தரைக்கு அடையாறு மைதானத்தில் நிற்கிறார், எட்டரைக்கு வேலைக்கு ஓடுகிறார், பெரிதாக எதுவும் கேட்பதில்லை. எதுவும் கேட்காதவரை நம்ப எனக்குத் தெரியாது.

முதல் வருஷம் போன இடமெல்லாம் தோற்றோம். கோச் கவலைப்படவே இல்லை. வாரக்கணக்கில் கோல் அடிக்கவே விடாமல், சரியாக வராத காலால் பந்தைத் தள்ளிப் பழகச் சொன்னார். இரண்டாவது வருஷம் பையன்கள் ஜெயிக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து என்று வரிசையாக. அப்போதுதான் எனக்குத் தூக்கம் கெட்டது.

என் கண் விழுந்தது எங்கள் நடுக்களப் பையன்மேல். திருவல்லிக்கேணிக்காரன். அவன் அம்மா அங்கே ஒரு மெஸ்ஸில் சமையல் செய்துவந்தாள். மற்றவர்களைவிட ஒரு தலை உயரம், உடைந்த குரல், மேலுதட்டில் நிழல் மாதிரி மீசை. பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியில் அவன் இறங்கினாலே எதிர்த்தரப்பு அப்பாக்கள், "இன்னா மாமா, கொழந்தைங்கள ஊட்டுல வுட்டு வந்தியா?" என்று கத்துவார்கள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். அதுவும் எனக்குச் சாட்சியாகப் பட்டது.

ஒருநாள் போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டேன். "வெள்ளம் வந்துச்சே, அந்த வருஷம் நீ எத்தனாவது படிச்சே?"

"ஒண்ணாவது சார். எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி."

இரண்டு வாரம் கழித்து வேறு மாதிரி கேட்டேன். அதே பதில். பாடம் பண்ணி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் அம்மா வேலை செய்யும் மெஸ்ஸுக்கு ஒரு மத்தியானம் போனேன். அவள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். மகனை உற்சாகப்படுத்த வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில், எந்த மாசம் என்று பேச்சோடு பேச்சாக விசாரித்துவிட்டு வந்தேன். பிறகு அவன் பள்ளிக்கும் போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. பொருந்தியதால் சந்தேகம் இன்னும் கூடியது.

அணியில் நான் சந்தேகப்படாத ஒருவன் இருந்தான் என்றால் அது எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த பையன். அவனைக் கொண்டுவந்து சேர்த்ததே நான்தான். பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச் சிறுவனாக நிற்பான். அவன் அப்பா பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். பையன் என் தோளுக்குக்கூட வரமாட்டான். ஓரத்தில் ஆடுவான். பந்து வருமுன்பே யாருக்குக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். "இந்த வயசுல இப்படி ஒரு மூளையா!" என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கோப்பையை நாங்கள் ஜெயித்தோம். மறுநாள் காலை மைதானத்துக்குப் போய்க் கோச்சிடம் சொல்லிவிட்டேன். "அந்த நெட்டைப் பையனுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கணும். எலும்பைப் பார்த்தா வயசு தெரிஞ்சிடும்."

கோச் பயிற்சிக்கு வைக்கும் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நான் தெரிஞ்சே ஏமாத்தறேன்னு சொல்றீங்களா சார்?"

"அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொல்றீங்க. அவன் ஒருத்தனுக்கு மட்டும்னா நான் இப்பவே கிளம்பறேன். எடுக்கறதுன்னா பதினாறு பேருக்கும் எடுங்க."

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு வேனில் எல்லாரையும் மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப்போனோம். மற்றவர்களுக்கு அது பிக்னிக். நெட்டையனுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. முறை வந்ததும் இடது கையைப் பலகைமேல் விரித்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சார், என் எலும்பு தப்பா சொல்லிட்டா இன்னா பண்ணுவீங்க?"

நான் படம் பிடிப்பவரிடம் ஏதோ கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த எலும்பு டாக்டர் கோபாலபுரத்தில் இருந்தார். படங்களை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். நெட்டையனின் படத்தில் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. "பதிமூணு, பதிமூணரை. சீக்கிரம் வளர்ந்துட்டான், அவ்வளவுதான்." பத்தாவது படத்தில் நின்றார். "இது யாரு? எலும்பு முனையெல்லாம் கிட்டத்தட்ட ஒட்டியாச்சு. ஒரு வருஷம் முன்னப் பின்ன இருக்கலாம், ஆனா பதினாலுக்குள்ள வராது. பதினாறுன்னுதான் சொல்லுவேன்."

எங்கள் பங்குப் பையனின் பெயர்.

படம் மாறியிருக்கும் என்று வாதாடினேன். மறுபடி எடுக்க வைத்தேன். அதேதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். நான் வாரா வாரம் நின்று பாடும் இடத்திலிருந்து இருபதடி தூரம். கிளப்பில் கொடுத்த சான்றிதழுக்கும் அதற்கும் இரண்டு வருஷம் பத்து மாசம் வித்தியாசம். திருவல்லிக்கேணி வரை போய்த் துருவியவனுக்கு இந்த இருபதடி நடக்கத் தோன்றவில்லை.

பையனின் அப்பா கண்கலங்கிவிட்டார். "சின்னதா இருந்தான் சார். ரெண்டு வருஷம் மஞ்சக்காமாலை, அது இதுன்னு படுத்துட்டான். ஸ்கூல்ல சேர்க்கறப்போ குறைச்சுப் போட்டு, அதுக்கேத்த மாதிரி சர்டிபிகேட் வாங்கிட்டோம். ஃபுட்பாலுக்காகச் செய்யல, சத்தியமா."

பையன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். "உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"தெரியும் அங்கிள். நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே."

கமிட்டி கூடியது. தலைவர், "வெளியில யாருக்கும் தெரியாது. நாமளே ஏன் கிளறிண்டு நிக்கணும்? பையனை மட்டும் நிறுத்திடுவோம்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அது சௌகரியமாகத்தான் இருந்தது. சான்றிதழுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவன் நான். கோச்தான் எழுந்தார். "கோப்பை வேணும்னா நீங்க முன்ன மாதிரி வெளியாள வச்சே வாங்கியிருக்கலாம். நான் பசங்களைக் கேட்டது அதுக்கில்ல." மறுநாள் கோப்பையை ஒரு பழைய துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய்ப் போட்டி நடத்தியவர்களிடம் நானே திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இந்த ஒன்றுதானா, இன்னும் இருக்கிறதா என்று கேட்கும் பார்வை. எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது.

அந்த வாரத்திலிருந்து நெட்டையன் பயிற்சிக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று மெஸ்ஸுக்குப் போனேன். அவன் அம்மா இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"அவங்கப்பா ஒயரம் சார். புள்ளையும் வளந்துச்சு. அது தப்பா? அன்னிக்கு இங்க குந்திக்கினு என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்களே, பிரசவம் எங்கன்னு கேட்டீங்களே. யாரோ பெரியவரு அக்கறையா கேக்கறாருன்னு நெனச்சேன். இதுக்குத்தானா?"

"தப்புதாம்மா" என்றேன்.

"எங்க புள்ளைன்னா உடனே டவுட்டு வந்துடுது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு மாதத்தில் அவன் தி. நகரில் இருக்கும் வேறொரு கிளப்பில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். கொத்திக்கொண்டு போக யாரும் வரவில்லை. நானே துரத்தி அனுப்பியிருந்தேன்.

கோச் போகவில்லை. என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். மீதிப் பையன்களை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதே ஐந்தரை மணிக்கு நின்றார். நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டுச் சாதாரண உறுப்பினராக ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போன சீசனில் எங்கள் சீனியர் அணி மேல் டிவிஷனுக்கு ஏறியது. கடைசி மேட்சில் இறங்கிய பதினோரு பேரில் ஏழு பேர் அந்தப் பதினாறு பேரில் வந்தவர்கள். பங்குப் பையனும் ஆடினான். சீனியர் ஆட்டத்தில் வயது யாருக்கு வேண்டும்? வெற்றி கோலுக்குப் பந்து கொடுத்தது அவன்தான். தலைவர் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார், திட்டமே தன்னுடையது என்பதுபோல.

மைதானத்தை விட்டு வெளியே வரும்போது, அடுத்த மேட்சுக்காக வேறொரு அணி உள்ளே வந்துகொண்டிருந்தது. அதில் நெட்டையன் இருந்தான். கையில் கேப்டன் பட்டை. இப்போது அவனைச் சுற்றி நின்றவர்களும் அவன் உயரத்தை எட்டிவிட்டார்கள். என்னைக் கண்டதும் நின்றான். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. "வணக்கம் சார்" என்றான், நிறுத்தி, தெளிவாக.

நானும் வணக்கம் சொன்னேன். அந்த வணக்கம் மரியாதையா, வேறு ஏதாவதா என்று வீடு வரும்வரை புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.